கோர்டன், புகை தெரிகிறதா?

1

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் நிற்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. முன்னால் ஓர் இரும்புக் கதவு, உச்சியில் ஒரு புகைபோக்கி. இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், ரொறன்ரோவிலிருந்து பார்க்க வந்த சினேகிதர்கள் எல்லோரும் அதைக் கண்டதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்ன அண்ணை, கனடாவுக்கு வந்தும் கக்கூசை வளவின்ரை மூலைக்குத் தள்ளி வைச்சிருக்கிறியள்?"

அது கக்கூஸ் அல்ல, வீட்டைச் சூடாக்கும் பொயிலர். உள்ளே விறகு எரிகிற ஓர் இரும்பு வயிறு. அதைச் சுற்றித் தண்ணீர். சூடான தண்ணீர் நிலத்துக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து, அறை அறையாகச் சுற்றி, ஆறிப்போய்த் திரும்பவும் கொட்டிலுக்குப் போகும். ஒரு சின்னப் பம்ப் இருபத்துநாலு மணித்தியாலமும் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் விறகு போட வேண்டும். போட மறந்தால் நெருப்பு அணையும். மார்கழி, தையில் நெருப்பு அணைந்து தண்ணீரும் அசையாமல் நின்றால், அது உறைந்து, பருத்து, இரும்பையே பிளந்துவிடும். அடுத்தது வீட்டுக்குள் இருக்கிற குழாய்கள். பிறகு வசந்தம் வந்து பனி உருகும்போது சமையல் நடக்கிற குசினிக்குள்ளேயே நீச்சல் பழகலாம்.

இப்படி ஒரு சாமானோடு வீடு வாங்குகிற ஆள் யார் என்று கேட்பீர்கள். ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் ஒன்பதாம் மாடியில் ஆறு வருடம் இருந்தோம். பக்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகருக்குக் கிழக்கே அஜக்சுக்குப் போகத் தொடங்கின. அஜக்சுக்குப் போனவர்கள் அஜக்சில் நின்றார்கள். எனக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. அங்கேயிருந்து இன்னும் வடக்கே, கடைகள் முடிந்து சோளக் காடு தொடங்குகிற இடம்வரைக்கும் போய்விட்டேன். வீடு காட்டிய ஏஜென்ட் கொட்டிலைத் தட்டிக் காட்டி, "சூடு இலவசம்" என்றான். இலவசம் என்ற சொல் விழுந்ததும் என் காது ஓர் அங்குலம் நீண்டுவிட்டது. மலர், என் மனைவி, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உதை ஆர் பாக்கிறது?"

"நான்தான்," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எனக்கு மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. காலையில் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வீடு. இனி நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பொயிலரைப் பார்த்தது யார் என்று. பிறந்தநாள் விழாக்களில், கையில் கிளாசோடு நின்று, மேப்பிள் விறகுக்கும் பேர்ச் விறகுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊராருக்கு விளக்கியது மட்டும் நான்.

நேற்று மாமாவின் ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மாமா என்றால் மலரின் தகப்பனார். மொன்றியலில் மகனோடு இருந்தவர். போன வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் ஒரு மாதம் எங்களோடு வந்து நின்றார். ஊரில் கூப்பன் கடை, அதாவது பங்கீட்டுக் கடை, மனேஜராக இருந்தவர். அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் அடுக்குவித்தே தலை நரைத்த ஆள். வந்த அன்றே வளவுக்குள் இறங்கி, நான் அடுக்கி வைத்திருந்த விறகைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"தம்பி, உது நீர் அடுக்கினதோ, தானாய் விழுந்ததோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளே முழுவதையும் பிரித்துப் போட்டு மறுபடி அடுக்கத் தொடங்கினார். மரப்பட்டை மேலே பார்க்க வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவே விரல் போகிற இடைவெளி இருக்க வேண்டும், காற்று ஓட. மொத்தம் பன்னிரண்டு வரிசை. மலர் எடுத்துக் கொடுப்பாள், அவர் வைப்பார். ஒரு மாதம் முழுக்கத் தகப்பனும் மகளும் அந்த வளவுக்குள்தான். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மிசிசாகாவில் இருந்தேன்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மொன்றியலிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். மாமா கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையில் தேத்தண்ணிக் கோப்பையாம். அது கீழே விழவுமில்லையாம்.

மலர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: தோளைப் பிடித்தபடியே யன்னலால் எட்டிக் கொட்டிலைப் பார்த்தேன். வெளியே மைனஸ் இருபத்துமூன்று. நாலு நாள் விறகு போட யார்?

3

முதலில் வீட்டுக் காப்புறுதிக்காரர். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், நாளாந்தம் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வெடித்தாலும் அவர்கள் பொறுப்பில்லை. அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீசில், மரியாதையாக இருக்கட்டும் என்று, "என் மாமனார் இன்று காலை எக்ஸ்பயர் ஆகிவிட்டார்," என்றேன்.

"ஓகே சேர். எப்போது புதுப்பிக்க வேண்டியது?"

அதை விளக்கி முடிக்கவே ஐந்து நிமிடம். பிறகு அவள் கணினியில் தட்டத் தொடங்கினாள். பயணத்தின் காரணம்? மரணம் என்றேன். அவளுடைய கணினியில் மூன்று காரணங்கள்தான் இருந்தன: விடுமுறை, தொழில், வைத்தியம். இறப்புக்குப் பெட்டி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இரக்கமான குரலில், "விடுமுறை என்று போடட்டுமா?" என்று கேட்டாள். போடு என்றேன்.

ஆக, அவர்களுடைய பதிவின்படி நான் அந்தக் கிழமை விடுமுறையில் இருந்தேன். இப்போது யோசித்தால், அது முழுப் பொய்யுமில்லை.

அடுத்தது கோர்டன். வயல் கடந்தால் அவருடைய வீடு. எழுபது தாண்டியவர், தனி ஆள். ஒரு நாளைக்கு இருபது சொல்தான் அவருக்குக் கூப்பன். பொயிலருக்கு எப்படி விறகு போட வேண்டும், கதவை எவ்வளவு திறக்க வேண்டும், சாம்பலை எப்போது இழுக்க வேண்டும் என்று நான் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கோடு போட்டு, படமும் கீறி. அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் பிறந்த வீட்டில் விறகு அடுப்புத்தான்," என்றார். அன்றைய கூப்பனில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது.

காரில் சாமான் ஏற்றும்போது மலரைக் காணவில்லை. பார்த்தால், சேலைக்கு மேல் என் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளால் கோர்டன் வீட்டிலிருந்து திரும்பி வருகிறாள்.

"எங்கை போனனீ?"

"திறப்புக் குடுக்க."

வீட்டுக் கதவுத் திறப்பை நான்தானே முன்பே கொடுத்தேன் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு அலுவல் இருந்தது. வெப்பமானியை மூன்றாம் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

நானூற்றியொன்று பெருந்தெருவில் மொன்றியலுக்குப் போகிற வழியில் எத்தனை இடத்தில் பொதுத் தொலைபேசி இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருந்த அந்த மலிவு ஃபோன் கார்ட் என்னிடமும் இருந்தது. முதலில் பத்து எண், பிறகு கார்ட்டில் சுரண்டி எடுத்த இரகசிய எண், பிறகு கோர்டனின் எண். விறைத்த விரலால் ஓர் எண் பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து.

"கோர்டன், புகை தெரிகிறதா?"

"தெரிகிறது."

"வெள்ளைப் புகையா, கறுப்பா?"

"புகை."

கிங்ஸ்டனுக்குக் கிட்ட மூன்றாம் தரம் இறங்கி ஏறியபோது, பின் சீட்டிலிருந்து மகள் துளசி வாய் திறந்தாள். பதின்மூன்று வயது. கைக்குழந்தையாக வந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'விறகு' என்று எழுதச் சொன்னால் எந்த ற என்று என்னைக் கேட்பாள்.

"அப்பா, நாங்கள் அம்மப்பாவின்ரை ஃபியூனரலுக்குப் போறமா, இல்லாட்டி ஆர் வீ ஜஸ்ட் விசிட்டிங் பேஃபோன்ஸ்?"

நான் பக்கத்தில் இருந்த மலரைப் பார்த்தேன், சிரிப்பாளோ என்று. அவள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். வெளியே எல்லாம் வெள்ளை.

5

மைத்துனர் வீடு மொன்றியலில் ஒரு மூன்றாம் மாடி. கதவுக்கு வெளியே சப்பாத்துக்கள் படிவரை நிரம்பி வழிந்தன. தொலைபேசி ஓடையில், வாசலிலிருந்து உள்ளே போகிற ஒடுங்கிய நடையில், சுவரில் மாட்டியிருந்தது. எனக்கு வசதியான இடம். ஆனால் ஓடையைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போக வேண்டும். அன்று பின்னேரம் அங்கே நின்றபடி நான் கோர்டனோடு இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பு நன்றாகப் பிடித்திருக்கிறதா? பெரிய கட்டைகளைப் பின்னால் வைத்தீர்களா? சாம்பல் அள்ளியாயிற்றா?

திரும்பினால், ஊரில் இங்கிலீஸ் ரீச்சராக இருந்த ஒரு அன்ரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறா. உள்ளே போய் மற்றப் பெண்களுக்குச் சொன்னது காதில் விழுந்தது.

"பாவம் அந்த மருமகன். சுடலைக்காரரோடை எல்லாத்தையும் தானே நிண்டு கதைச்சு ஒழுங்குபடுத்துது. பெத்த பிள்ளை கூட உப்பிடிச் செய்யாது."

அடுத்த அரை மணித்தியாலத்தில் எனக்கு மூன்று பேர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் மறுக்கவில்லை. மறுத்தால், வெளியே நிற்கிற ஒரு தகரக் கொட்டிலைப் பற்றி விளக்க வேண்டி வரும். செத்த வீட்டில் கிடைத்த பெயரை வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு நான் நேர்மையான ஆளுமில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். சாப்பாடு எல்லாம் அயல் வீடுகளிலிருந்து வந்தது. புட்டும் சம்பலும் ஒரு வீட்டால், இடியப்பம் இன்னொரு வீட்டால். மைத்துனரின் மின்சார அடுப்பின் மேல் ஒரு துணி விரித்து, அதன்மேல் மாமாவின் படத்தை வைத்திருந்தார்கள். மலர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன். என்னவென்று கேட்கத்தான் தோன்றவில்லை.

6

அடுத்த நாள் தகனம். காலையில் சவச்சாலையில் கிரியை. ஐயர் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் மாறி மாறிச் சொல்ல, மைத்துனர் செய்துகொண்டிருந்தார். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. பெட்டிக்குள் கிடக்கிறவரின் வாயில் கடைசியாக ஒரு பிடி அரிசி. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை நீளம். எனக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். அதற்குள் ஒரு தரம் அழைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஓடையின் முடிவில் தொலைபேசி. எண்களை அடித்தேன். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினொன்றாவதில் எடுத்தார்.

"கோர்டன், புகை தெரிகிறதா?"

"இல்லை."

"இல்லையென்றால்?"

"நெருப்பு அணைந்துவிட்டது."

"எப்போது?"

"காலையில்."

"ஏன்?"

"விறகு போடவில்லை."

"ஏன் போடவில்லை!" என்று நான் கத்தினேன். சவச்சாலை முழுக்கக் கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து, கார்ட்டில் நிமிடங்கள் முடிந்துவிட்டன என்று ஒரு பெண் குரல் எனக்கு இரண்டு மொழிகளில் சொன்னது. கனடா இருமொழி நாடு.

நான் திரும்பி ஓடி வந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு தகனசாலைக்குப் போனோம். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே எல்லோரும் வரலாம். மைத்துனரைக் கூப்பிட்டு ஒரு பட்டனைக் காட்டினார்கள். அவர் அதை அமத்தினார். ஒரு கதவு மூடியது. எங்கோ தூரத்தில் ஒரு லொறி ஸ்ராட் ஆனதுபோல ஒரு சத்தம். மாமா உள்ளே எரிகிறார். எனக்குத் தெரிந்ததோ குசினியின் கீழ் ஓடுகிற குழாய். அது பிளக்கிறது, தண்ணீர் பீறுகிறது, மலரின் தையல் மெசின் மிதக்கிறது. என் கண்ணால் தண்ணீர் ஓடியது. நேற்றைய பெரியவர் வந்து என் முதுகைத் தடவினார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மலரைத் தனியே கூப்பிட்டேன்.

"நான் வெளிக்கிடப் போறன்."

"எங்கை?"

"வீட்டை. பொயிலர் நூர்ந்து போச்சாம். அந்தாள் விறகு போடேல்லையாம். இப்ப வெளிக்கிட்டால் ஏழு மணிக்குள்ளை போய்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நூர்ந்தது தெரியும். நான்தான் இண்டைக்குப் போடவேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் புகையாக வந்தது.

"உனக்கென்ன விசரோ? செத்த வீடு இஞ்சை. எங்கடை வீட்டிலை ஏன் நெருப்பை நூக்கிறாய்? கட்டிக் குடுத்த பிள்ளைக்கு மூண்டு நாள் துடக்குத்தான். சாத்திரத்திலையே..."

"சாத்திரம் உங்களுக்கு எப்பத் தொடக்கம் தெரியும்?"

"மலர், பைப் வெடிக்கும்!"

"வெடியாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்குது. கீழை நிலவறையிலை எண்ணெய்ப் பொயிலர் எரியுது. அதின்ரை சுடுதண்ணிதான் வெளியிலை போய்ச் சுத்திப்போட்டு வருது. நிண்டால்தானே தண்ணி உறையும்?"

"அந்த எண்ணெய்ப் பொயிலர் பழுதெல்லோ?"

"ஒக்ரோபரிலை திருத்தினது. அப்பா நிக்கேக்கை ஆளைக் கூப்பிட்டுச் செய்விச்சனாங்கள்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னனான். 'அப்பிடியே மாமாவுக்கும் ஒரு சேர்விஸ் செய்விச்சு விட்டிருக்கலாமே' எண்டு பகிடி விட்டியள்."

எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசை. சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அவள் அதற்குப் பிறகு ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை.

மலர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அது அவர் அடுக்கின விறகு. பன்ரண்டு வரிசை. அவரை எரிக்கிற நாளிலை அந்த விறகை எரிச்சு வீட்டைச் சூடாக்கிறதோ? எனக்கு ஏலாது. ஊரிலை எண்டால் படலையோடை நிண்டு குழறி அழுதிருப்பன். இஞ்சை உள்ளுக்கை விட்டவை. அண்ணா பட்டனை அமத்தினார். பாத்துக்கொண்டு நிண்டன். என்ரை பங்குக்கு நான் ஒரு நெருப்பை நூத்தனான். அவ்வளவுதான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் வந்திருக்க மாட்டியள். பொயிலரைக் காவல் காத்துக்கொண்டு அங்கையே நிண்டிருப்பியள்."

வழக்கமாக இப்படியான இடத்தில் எனக்கு ஒரு பகிடி வரும். அன்று வரவில்லை.

"நாளைக்குக் காடாத்து முடிய, பின்னேரம் மூட்டச் சொல்லியிருக்கிறன்," என்றாள். காடாத்து என்றால் சாம்பல் எடுப்பது. அதன் பிறகுதான் செத்த வீட்டு அடுப்பில் நெருப்பு. "வாருங்கோ. எல்லாரும் பாக்கினம்."

காருக்குள் ஏறினோம். துளசி முன் சீட்டுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்பா, நான் அம்மப்பாக்கு ரைஸ் போட்டனான். உங்கடை ரேர்ன் வரேக்கை யூ வேர்ன்ட் தேர். அந்த ஐயர் வெயிற் பண்ணினவர்."

மலர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவள் ஏசியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

7

திரும்பி வந்தபோது, பெருந்தெருவை விட்டு எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்திலேயே புகை தெரிந்தது. நேராக, ஒரு நூல் மாதிரி. வீட்டுக்குள் ஒரு குழாயும் வெடிக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கீழே கிடக்கவில்லை. மலரின் பூஞ்சாடிச் செடி கூட வாடவில்லை. ஒரு குழாயாவது கொஞ்சமாவது கசிந்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

வாசலில் ஒரு பெரிய சட்டியும் வீட்டில் சுட்ட ஒரு பாணும் இருந்தன. சட்டியைத் திறந்தால் பட்டாணி சூப். அதில் பன்றி இறைச்சி மிதந்தது. கோர்டனுக்கு எங்கள் துடக்கும் தீட்டும் தெரியாது, மரக்கறி நாளும் தெரியாது. செத்த வீட்டுக்காரர் சமைக்க மாட்டார்கள், அயலவன் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. மலர் சட்டியை மெதுவாக மூடினாள். பாணில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றாள். மூன்று நாளில் அவள் ஒழுங்காகத் தின்றது அதுதான்.

சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நான் கோர்டனைக் கேட்டேன்.

"என்னிடம் ஏன் முதலே சொல்லவில்லை? நான் எத்தனை தரம் எடுத்தேன்!"

"நீ புகையைப் பற்றித்தான் கேட்டாய்."

"நான் இரண்டு பக்கம் எழுதித் தந்தேனே?"

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று என்னுடையது, மடித்த மடிப்பு அப்படியே. மற்றது மலரின் கையெழுத்து. அரைப் பக்கம். எண்ணெய்ப் பொயிலரின் சுவிட்ச் எங்கே, பம்பின் சத்தம் எப்படி இருக்க வேண்டும், அந்த நாளில் எத்தனை தரம் வந்து குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எப்போது மறுபடி மூட்ட வேண்டும். பிழை இல்லாத இங்கிலீஸ். இவள் எப்போது இப்படி எழுதப் பழகினாள் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"இதைத்தான் பார்த்தேன்," என்றார் கோர்டன், அரைப் பக்கத்தைக் காட்டி. "ஐந்து தரம் தொட்டுப் பார்த்தேன். சூடு."

8

அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா அடுக்கிய விறகு எரிந்தது. பதினொரு வரிசை. பன்னிரண்டாவதை மலர் தொட விடவில்லை. மேலே ஒரு தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்தாள். இந்த வருட விறகை நான்தான் அடுக்கினேன். பட்டை மேலே, விரல் இடைவெளி, எல்லாம் ஞாபகம் வைத்துத்தான். இருந்தும் மாமா கண்டால் பழைய கேள்வியைத்தான் கேட்பார்.

நேற்றுக் காலை. வேலைக்கு லீவு போட்டிருந்தேன். ஒரு வருடமாக மனதுக்குள் கிடந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. மலர் சொல்லாமலே விளங்கிக்கொள்கிற ஒரு புருசனாக ஒரு நாளாவது இருந்து பார்ப்போம் என்று, காலை விறகைப் போடாமல் விட்டேன். நெருப்பு தானாக அடங்கியது. எண்ணெய்ப் பொயிலரைப் போட்டு, பம்பின் சத்தத்தைக் கேட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அரைப் பக்கத்தில் இருந்தபடி.

மலர் தலை முழுகிவிட்டு வந்து யன்னலால் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் புகையைக் காணேல்லை?"

"மாமாவின்ரை நாளெல்லோ," என்றேன், குரலைத் தாழ்த்தி. "நூர விட்டிட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துளசி மாடியிலிருந்து இறங்கி வந்து, வாட் ஹப்பின்ட் என்று கேட்கும்வரை சிரித்தாள்.

"உதென்ன புதுச் சாத்திரம்? நூக்கிறது எரிக்கிற அண்டைக்கு. திவசத்தண்டைக்கு அடுப்பு எரியோணும். அந்த மனுசன் வருசத்திலை ஒரு நாள் பசியோடை வருது. நீங்கள் குளிரிலையும் விறைக்க விடப்போறியளோ? போய் மூட்டுங்கோ!"

கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கதவடிக்குப் போனபோது பின்னால் சொன்னாள்.

"தார்ப்பாயை அவிழுங்கோ. அதிலை எடுங்கோ."

பன்னிரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். மற்றது ஒன்றும் அசையவில்லை. இன்னொன்று. அதற்கும் அசையவில்லை. என்னுடைய அடுக்கில் ஒன்றை உருவினால் நாலு என் காலில் விழும். மூட்டினேன், பிடிக்கவில்லை. மறுபடி மூட்டினேன், கொட்டில் முழுக்கப் புகை. இருமிக்கொண்டு நிற்கிறேன், மலர் வந்துவிட்டாள். நனைந்த தலையில் துவாய், சேலைக்கு மேல் என் கோட்டு. குந்தியிருந்து இரண்டு கட்டையை மாற்றி வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பகிடியைப் பிறகு விடுங்கோ. இப்ப ஊதுங்கோ."

ஊதினேன். பிடித்துக்கொண்டது.

மத்தியானம் படையல். முறையான திவசம் மொன்றியலில் மைத்துனர் செய்கிறார். இது எங்கள் அளவுக்கு. ஸ்காபரோவில் வாங்கிய வாழையிலை, மாமாவின் படம், ஒரு விளக்கு. மலர் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து இலைக்குக் கிட்ட வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"முதல் சோறு நீங்கள் வையுங்கோ."

நான் அவளைப் பார்த்தேன். அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

கரண்டியைச் சட்டிக்குள் விட்ட அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

"அப்பா, ஃபோன்," என்றாள் துளசி. "ஐ பெற் இற்ஸ் கோர்டன். மோர்னிங் ஸ்மோக் இல்லாததைப் பாத்திருப்பார்."

அவராகத்தான் இருக்கும். காலையில் புகையே இல்லை, பிறகு ஊருக்கே தெரிகிற மாதிரிப் புகை. வேறு யார் எடுப்பார்கள்? என் கால் தன்பாட்டில் ஓடைப் பக்கம் திரும்பியது. அது பழகிய கால்.

"அடிக்கட்டும் பிள்ளை," என்றேன்.

சோற்றை இலையின் நடுவில் வைத்தேன். இன்னொரு கரண்டி எடுத்து அதன்மேல் வைத்தேன். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. மலர் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.